மருத்துவப் பதிவேடுகளைக் கொண்டு நாள்பட்ட நோய் ஆய்வு: முதல்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சர்க்கரை நோய் யாரை அதிகம் வாட்டுகிறது, அதில் வீட்டுக்கும் வேலைக்கும் வருமானத்துக்கும் என்ன பங்கு என்று மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து கண்டறியப் புறப்பட்டபோது, புள்ளியியல்தான் கடினமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கேள்வி தோன்றிய நாளுக்கும் தரவின் முதல் வரியைத் திரையில் பார்த்த நாளுக்கும் இடையே 14 மாதங்கள் ஓடிவிட்டன. தரவு கைக்கு வந்த பிறகு, அதைத் தவறாகப் படித்து மேலும் சில மாதங்களை இழந்தேன். அந்த இழப்பு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முதுகலை மாணவராக இருந்தாலும், மருத்துவராக இருந்தாலும், பொதுச் சுகாதாரத்தில் பணிபுரிபவராக இருந்தாலும் இந்தப் படிகளை இதே வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“வறுமைக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு உண்டா?” என்ற கேள்வியோடு போனால் எந்த அலுவலகமும் உங்களுக்குத் தரவு தராது. தந்தாலும் அதை வைத்து என்ன செய்வது என்று உங்களுக்கே தெரியாது. என் கேள்வி பல முறை அடித்துத் திருத்தப்பட்டு இப்படி நின்றது: “புதிதாக இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட பெரியவர்களில், நிலையான வீடு இல்லாதவர்கள் அடுத்த 12 மாதங்களுக்குள் விழித்திரைப் பரிசோதனைக்கு வருவது மற்றவர்களைவிடக் குறைவா?”

இந்த வாக்கியத்தில் யார், எப்போதிலிருந்து, எவ்வளவு காலம், எதை அளக்கிறோம், யாரோடு ஒப்பிடுகிறோம் என்ற ஐந்தும் இருக்கின்றன. கேட்க வேண்டிய தரவுப் புலங்களின், அதாவது பதிவேட்டில் நிரப்பப்படும் கட்டங்களின், பட்டியல் இதிலிருந்து தானாகவே வந்துவிடும்.

பதிவேடு என்பது மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றியது. சிகிச்சை எப்படி நடந்தது, யாருக்குத் தாமதமானது, யார் பாதியில் நின்றார்கள் என்பதையெல்லாம் அது நன்றாகச் சொல்லும். மக்கள்தொகையில் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்று கேட்டால் அதன் பதில் நம்பத்தக்கதாக இராது. நோய்ப்பரவல்தான் உங்கள் கேள்வி என்றால், வீடு வீடாகச் சென்று எடுக்கப்பட்ட கணக்கெடுப்புத் தரவைத் தேடிப் போங்கள்.

2. விண்ணப்பம் எழுதும் முன் பதிவு மேசையருகே ஒரு நாள் உட்காருங்கள்

நான் செய்யத் தவறிய படி இதுதான். ஆகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

தரவு வந்து இரண்டாவது மாதம், முகவரிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். ஒரே கதவு எண்ணில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். விடுதியாகவோ முதியோர் இல்லமாகவோ இருக்கும் என்று எண்ணி வரைபடத்தில் தேடினேன். அது அந்த மருத்துவமனையின் சொந்த முகவரி. அதன் பிறகுதான் பதிவுப் பிரிவுக்குப் போய் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முகவரி கேட்டதும் ஒருவர் தயங்கினார். பதிவு எழுத்தர் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, மருத்துவமனையின் முகவரியையே தட்டச்சு செய்தார். “இந்தக் கட்டத்தை நிரப்பாமல் திரை அடுத்த பக்கத்துக்குப் போகாது. வரிசையில் இத்தனை பேர் நிற்கிறார்கள், நான் என்ன செய்வது?” என்றார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. கட்டாயப் புலம் என்று ஒன்றை வைத்தவர்கள், அதை நிரப்ப முடியாதவர்களைப் பற்றி யோசிக்கவில்லை.

இதன் விளைவைப் பாருங்கள். நிலையான வீடு இல்லாதவர்களைப் பற்றித்தான் என் ஆய்வு. அவர்கள் அத்தனை பேரும் மருத்துவமனை அமைந்திருக்கும் வசதியான தெருவில் வசிப்பவர்களாக என் கணக்கில் ஏறியிருந்தார்கள்.

அதே நாளில் வேறு இரண்டும் தெரியவந்தன. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று போடுகிறார்கள். புகைப்பழக்கம் பற்றிய கட்டம் “இல்லை” என்ற விடையோடுதான் திறக்கிறது. யாரும் மாற்றாவிட்டால், கேட்கப்படாத கேள்விக்கும் “இல்லை” என்றே பதிவாகும். இவை எந்தத் தரவு விளக்கக் கையேட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. உங்கள் இடத்தில் வேறு விதமான பழக்கங்கள் இருக்கலாம். பதிவு எழுத்தர், செவிலியர், நோய்களுக்குக் குறியீடு போடுபவர் ஆகிய மூவரிடமும் அரை மணி நேரமாவது பேசுங்கள். “இந்தக் கட்டத்துக்கு விடை கிடைக்காதபோது என்ன செய்வீர்கள்?” என்று ஒவ்வொரு புலத்துக்கும் கேளுங்கள்.

3. காத்திருக்கும் காலத்தில் பயிற்சி எடுங்கள்

அனுமதி வரும்வரை சும்மா இருக்காதீர்கள். சிந்தியா என்ற திறந்த மூல மென்பொருள் கற்பனை நோயாளிகளின் பதிவேடுகளை உருவாக்கித் தரும். அவை யாருடைய அந்தரங்கமும் அல்ல என்பதால் அனுமதி தேவையில்லை. அட்டவணைகளை இணைப்பது, தேதிகளைக் கையாள்வது, நிரல் எழுதுவது எல்லாவற்றையும் அதில் பழகலாம். ஆனால் அதிலிருந்து மருத்துவ முடிவு எதையும் எடுக்கக்கூடாது.

உண்மைத் தரவு வேண்டுமென்றால், அமெரிக்காவின் என்ஹேன்ஸ் என்ற தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் கல்வி, வருமான விவரங்களும் சேர்ந்தே இருக்கின்றன. அதன் பொதுக் கோப்புகளை இலவசமாகத் தரவிறக்கலாம். மிமிக்-4 என்ற மருத்துவமனைத் தரவும் கட்டணமில்லாதது. ஆனால் அதற்கு ஆய்வு நெறிப் பயிற்சியை முடித்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அது தீவிர சிகிச்சையையும் அவசரப் பிரிவையும் மையமாகக் கொண்டது. பல ஆண்டு நீளும் நோயைத் தொடர அது பொருந்தாது. பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. காகிதங்கள்: எது முதலில், எது பிறகு

புதியவர்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் முடிச்சு ஒன்று உண்டு. ஆய்வால் நோயாளிகளுக்குத் தீங்கு வராதா என்று பார்த்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு, “தரவு வைத்திருப்பவர் தர ஒப்புக்கொண்ட கடிதம் எங்கே?” என்று கேட்கும். தரவு வைத்திருப்பவர், “நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எங்கே?” என்று கேட்பார். நான் இருவருக்கும் இடையே ஏழு வாரம் அலைந்தேன். இதற்கு வழி, தரவு வைத்திருப்பவரிடம் முதலில் “கொள்கையளவில் சம்மதம்” என்ற ஒரு பக்கக் கடிதம் வாங்குவது. நெறிமுறை ஒப்புதல் கிடைத்தால் தரவு தரத் தயார் என்று அதில் இருந்தால் போதும். அதை வைத்துக் குழுவிடம் விண்ணப்பியுங்கள்.

பொதுவாகக் கேட்கப்படும் காகிதங்கள் இவை: ஆய்வுத் திட்டம், தேவையான புலங்களின் பட்டியலும் ஒவ்வொன்றும் எதற்கு என்ற விளக்கமும், நோயாளிகளிடம் தனித்தனியே சம்மதம் பெறாமல் செய்ய அனுமதி கோரும் மனு, தரவைப் பாதுகாக்கும் திட்டம், குழுவில் உள்ள ஒவ்வொருவரின் தன்விவரக் குறிப்பும் பயிற்சிச் சான்றிதழும், கடைசியாகத் தரவுப் பயன்பாட்டு ஒப்பந்தம்.

சம்மத விலக்கு மனுவில் பலர் “நோயாளிகள் அதிகம், எல்லோரையும் கேட்க முடியாது” என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். என் முதல் மனு அப்படித்தான் திரும்பி வந்தது. நோயாளிகளுக்கு நேரக்கூடிய தீங்கு மிகக் குறைவு என்பதற்கான காரணம், தனித்தனியே கேட்டால் ஆய்வு ஏன் நடக்காது அல்லது ஏன் கோணிப்போகும் என்ற விளக்கம், அடையாளங்கள் எந்தக் கட்டத்தில் யாரால் நீக்கப்படும் என்ற உறுதி ஆகிய மூன்றையும் எழுதுங்கள். நம் ஆய்வில் இரண்டாவது காரணம் வலுவானது. நிலையான வீடோ தொலைபேசியோ இல்லாதவர்களைத் தொடர்புகொண்டு சம்மதம் பெற முடியாது. சம்மதம் தந்தவர்களை மட்டும் வைத்தால், நாம் யாரைப் பற்றிக் கேட்கிறோமோ அவர்களே விடுபட்டுவிடுவார்கள்.

ஆய்வின் தலைப்பு எல்லாக் காகிதத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஆய்வுத் திட்டத்தின் பதிப்பு எண்ணும் தேதியும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும். ஒப்புதல் கடிதத்தில் பதிப்பு 2 என்றும் ஒப்பந்தத்தில் பதிப்பு 3 என்றும் இருந்ததால் மட்டுமே என் கோப்பு ஒரு மாதம் நின்றது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரம் உங்களுக்கோ உங்கள் வழிகாட்டிக்கோ இருக்காது. நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடுபவர் யார் என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் போய்விடும் என்று பாதுகாப்புத் திட்டத்தில் எழுதாதீர்கள். பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே போதும், அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று லடான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். பிறந்த தேதிக்குப் பதில் பிறந்த ஆண்டு, முகவரிக்குப் பதில் பகுதியின் வசதிக் குறியீடு (அந்தப் பகுதி எவ்வளவு வசதியானது என்று காட்டும் எண்) என்று கேளுங்கள். இப்படிக் குறைத்துக் கேட்டால் அனுமதியும் விரைவாக வரும்.

5. செலவு எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்

தரவு இலவசம் என்று சொன்னாலும், அதை எடுத்துத் தரும் பணியாளரின் நேரத்துக்குக் கட்டணம் இருக்கலாம். இரண்டு தரவுகளை இணைத்துத் தரத் தனிக் கட்டணம். பாதுகாப்பான கணினிச் சூழலுக்குள் நுழைந்துதான் பார்க்க வேண்டும் என்றால் ஆண்டு வாடகை. சில இடங்களில் ஆள் கணக்கு. நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பக் கட்டணம், திருத்தத்துக்கு மறுபடியும் ஒன்று. இதழில் வெளியிடும் கட்டணத்தை எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். பகுப்பாய்வு மென்பொருளுக்கு மட்டும் பணம் வைக்காதீர்கள். ஆர், பைத்தான் இரண்டும் இலவசம்.

எழுத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “ஒரு புலம் விடுபட்டுவிட்டால், மறுபடி எடுத்துத் தர எவ்வளவு?” பல இடங்களில் முதல் முறைக்கு ஆன அதே தொகையை மீண்டும் கேட்பார்கள். நான் பரிசோதனை முடிவுகளைக் கேட்டுவிட்டு, அவற்றின் அலகுப் புலத்தைக் கேட்க மறந்தேன். அதற்கு இரண்டாம் முறை பணம் கட்ட நேர்ந்தது. அலகு, பதிவு செய்த தேதி, பரிசோதனை நடந்த தேதி, பதிவு செய்த பிரிவு ஆகிய நான்கையும் பட்டியலில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

6. காலக்கணக்கு

என் 14 மாதங்கள் போன விதம்: கேள்வியும் கடிதப் போக்குவரத்தும் 2, நெறிமுறைக் குழு 4, ஒப்பந்தம் 5, தரவு எடுத்துத் தருதல் 3. ஒப்பந்தம் இவ்வளவு நீளும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இரு நிறுவனங்களின் சட்டப் பிரிவுகளும் ஒரே பத்தியை மாறி மாறித் திருத்திக்கொண்டிருந்தன. நெறிமுறைக் குழுவின் முடிவுக்குக் காத்திராமல், குழுவுக்கு விண்ணப்பிக்கும் அதே வாரத்தில் ஒப்பந்த வரைவைச் சட்டப் பிரிவுக்கு அனுப்புங்கள். இரண்டும் சேர்ந்தே நகரும்.

பட்டப்படிப்புக்குள் முடிக்க வேண்டியவராக இருந்தால், ஏற்கனவே ஒப்பந்தம் உள்ள ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்து, அவர்களிடம் உள்ள தரவுக்குள் உங்கள் கேள்வியை அமைத்துக்கொள்வதே நல்லது. நெறிமுறை ஒப்புதலுக்கும் பயிற்சிச் சான்றிதழுக்கும் காலாவதித் தேதி உண்டு என்பதை மறக்க வேண்டாம். பாதி ஆய்வில் ஒன்று முடிந்துபோனால் கணினிச் சூழல் பூட்டப்பட்டுவிடும்.

7. “நோயாளி” யார் என்று வரையறுங்கள்

நோய்களுக்குக் குறியீடு தரும் ஐசிடி-10 என்ற சர்வதேச முறையில் இரண்டாம் வகை நீரிழிவுக்கு இ11, முதல் வகைக்கு இ10, கர்ப்ப காலத்தில் காணும் நீரிழிவுக்கு ஓ24. இ11 இருப்பவர்களை எல்லாம் எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் சந்தேகத்தின் பேரில் பரிசோதனைக்கு எழுதும்போதும் அதே குறியீட்டைப் போட்டுவிடுவதுண்டு. மருந்தை வைத்துப் பிடிக்கலாம் என்றால், மெட்ஃபார்மின் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் தரப்படுகிறது. ஆகவே குறியீடு, மருந்து, பரிசோதனை மூன்றையும் சேர்த்துத்தான் விதி எழுத வேண்டும். வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை குறியீடு, அல்லது ஒரு குறியீட்டோடு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதமோ அதற்கு மேலோ என்று தொடங்கலாம்.

பலரும் கவனிக்காத ஆபத்து இங்கேதான் இருக்கிறது. விதி எவ்வளவு கறாராக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அடிக்கடி மருத்துவமனைக்கு வர முடிந்தவர்களையே அது பிடிக்கும். நாள்பட்ட சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு 60க்குக் கீழே இருப்பதோ, சிறுநீரில் புரதம் போன்ற சேத அறிகுறியோ மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் அந்தப் பெயர். அதாவது 90 நாட்கள் இடைவெளியில் குறைந்தது இரண்டு பரிசோதனைகள் வேண்டும். தினக்கூலியை விட்டுவிட்டு இரண்டாம் முறை வர முடியாதவருக்கு உங்கள் தரவில் சிறுநீரக நோயே இருக்காது. ஏழைகளுக்கு நோய் குறைவு என்று அட்டவணை சொல்லும். எனவே கறாரான விதி ஒன்று, தளர்வான விதி ஒன்று என இரண்டாலும் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி வசதி குறைந்தவர்களிடம் பெரிதாக இருந்தால் அதையும் ஆய்வுக் கட்டுரையில் எழுதுங்கள்.

புதிதாக நோய் கண்டவர்கள் என்று கூறவும் ஒரு நிபந்தனை தேவை. வேறு மருத்துவமனையிலிருந்து மாறி வருபவரின் பழைய நோய்களெல்லாம் முதல் சில வாரங்களில் புதிதாகப் பதிவேறும். முதல் பதிவுக்கு முன் குறைந்தது 12 மாதமாவது அவர் அந்த மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தாரா என்று பாருங்கள். இந்த நிபந்தனையாலும் அடிக்கடி வீடு மாறுபவர்கள் விடுபடுவார்கள். விடுபட்டோர் எண்ணிக்கையைக் குறித்துவையுங்கள்.

இறுதியாக, நூறு கோப்புகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, மருத்துவர் ஒருவரோடு உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். உங்கள் விதி நோயாளி என்று சொன்னவர்களில் எத்தனை பேர் உண்மையில் நோயாளிகள் என்ற எண்ணிக்கை இல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள்.

8. சமூகக் காரணிகளை எங்கே தேடுவது

ஐசிடி-10இல் இசட்55 முதல் இசட்65 வரை இதற்காகவே இருக்கின்றன. கல்விக்கு இசட்55, வேலைக்கு இசட்56, வீட்டுக்கும் பொருளாதார நிலைக்கும் இசட்59, தனியே வாழ்வதற்கு இசட்60.2. படிக்கும்போது மகிழ்ச்சியாக இருக்கும். தரவில் தேடினால் பெரும்பாலான இடங்களில் மிகக் குறைவாகவே கிடைக்கும். இசட்59 இருப்பவருக்கு வீட்டுப் பிரச்சினை உண்டு என்று நம்பலாம். இல்லாதவருக்குப் பிரச்சினை இல்லை என்று ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது வழி, வசிக்கும் பகுதியின் வசதிக் குறியீட்டை இணைப்பது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அப்படிப்பட்ட பட்டியல்கள் பொதுவில் கிடைக்கின்றன. பிற இடங்களில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து உருவாக்கலாம். அது அந்தப் பகுதியின் சராசரி நிலை. அந்த மனிதரின் நிலை என்று எழுதக்கூடாது. நோய் கண்டறிந்த நாளில் இருந்த முகவரியை வைத்து இணைத்துத் தரச் சொல்லுங்கள். பல மென்பொருள்கள் பழைய முகவரியை அழித்துப் புதியதை எழுதிவிடும். நோயால் வேலை இழந்து மலிவான பகுதிக்குக் குடிபெயர்ந்தவரை, அந்தப் பகுதியில் வாழ்ந்ததால் நோய் வந்தவராக எண்ணிவிடுவோம்.

மூன்றாவது, மருத்துவரும் செவிலியரும் கைப்பட எழுதும் குறிப்புகள். “மகன் வீட்டில் தங்குகிறார்”, “மருந்து வாங்கப் பணமில்லை என்கிறார்” போன்ற வரிகள் அங்கேதான் இருக்கும். ஆனால் பெயர்களும் அங்கேதான் இருக்கும் என்பதால் அனுமதி மிகக் கடினம். முதல் ஆய்வுக்கு இதைத் தொடாதீர்கள்.

சிகிச்சைச் செலவை நோயின் கடுமைக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணிப்பு முறையைச் சோதித்தது. அது எதிர்காலச் செலவைக் கணித்து, கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று சொன்னது. கறுப்பினத்தவருக்குச் சிகிச்சை குறைவாகக் கிடைத்ததால் செலவும் குறைவாக இருந்தது. ஆகவே ஒரே மதிப்பெண் பெற்றவர்களில் அவர்களே அதிக நோயுற்றவர்களாக இருந்தார்கள். அந்தக் கோணலைச் சரிசெய்தால், கூடுதல் உதவி பெறுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று கணக்கிட்டார்கள்.

9. தரவு வந்த முதல் வாரம்

எந்தப் புள்ளியியல் மாதிரியையும் (மாடல்) ஓட்டாதீர்கள். எண்ணுங்கள், அவ்வளவுதான். மாதவாரியாகப் பதிவுகளை வரைந்து பாருங்கள். திடீர் ஏற்றமோ இறக்கமோ இருந்தால், பெரும்பாலும் மென்பொருளோ குறியீட்டு முறையோ மாறிய மாதமாக இருக்கும். ஜனவரி 1 பிறந்தநாள்கள் எத்தனை, ஒரே முகவரியில் எத்தனை பேர் என்று தரவு தருபவரிடமே எண்ணித் தரச் சொல்லுங்கள். எச்பிஏ1சி மதிப்புகளை வரைந்தால் இரண்டு குன்றுகள் தெரியலாம். ஒன்று 5 முதல் 12 வரை, மற்றொன்று 30க்கு மேல். பின்னது பிழையன்று. மோலுக்கு மில்லிமோல் என்ற அலகு. அந்த அலகில் 48 என்பதும் 6.5 சதவீதமும் ஒன்றே. அலகுப் புலம் எதற்கு என்று இப்போது விளங்கும்.

இறந்தவர்களையும் கவனியுங்கள். வீட்டிலோ வேறு மருத்துவமனையிலோ இறந்தவர் உங்கள் தரவில் “வருவதை நிறுத்தியவர்” ஆகத்தான் தெரிவார். இறப்புப் பதிவேட்டோடு இணைக்க வாய்ப்பிருந்தால், அதற்கான கட்டணத்தைத் தயங்காமல் கட்டுங்கள்.

10. வெளியிடும் முன்

பதிவேட்டுத் தரவு ஆய்வுகளுக்கென 2015இல் வெளியான ரெக்கார்டு என்ற சரிபார்ப்புப் பட்டியலை எழுதத் தொடங்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய குறியீடுகள் அனைத்தையும் அது கேட்கும்.

அட்டவணையில் சிறிய எண்களை மறைக்க வேண்டும். எல்லை 5ஆ 10ஆ என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். ஒரு கட்டத்தை மட்டும் மறைத்துவிட்டு மொத்தத்தை அப்படியே விட்டால், கழித்துப் பார்த்து யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். கூடவே இன்னொரு கட்டத்தையும் மறையுங்கள். பாதுகாப்பான சூழலிலிருந்து ஒவ்வொரு அட்டவணையும் சரிபார்க்கப்பட்டே வெளியே வரும். மாநாட்டுக்கு முந்தைய நாள் கேட்டால் கிடைக்காது, இரண்டு வாரம் விட்டுவையுங்கள்.

முடிவு எதுவாக இருந்தாலும் பதிவு மேசையில் உள்ளவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். நான் சொன்ன பிறகு அங்கே முகவரிக் கட்டத்தில் “நிலையான முகவரி இல்லை” என்ற தெரிவு சேர்க்கப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடியும் நாளில் தரவை அழித்து, அழித்ததற்கான சான்றிதழில் தேதியோடு கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். அடுத்த ஆய்வுக்கு விண்ணப்பிக்கும்போது என்னிடம் முதலில் கேட்ட காகிதம் அதுதான்.